கோல்கீப்பரை 19 வயதில் கைவிடாதீர்கள்: பெண்கள் ஹேண்ட்பால் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி, கல்லூரி, மாவட்ட அணிகளில் பெண்களுக்கு ஹேண்ட்பால் சொல்லித்தரும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும்,

வணக்கம்.

2025 டிசம்பரில் ரோட்டர்டாமில் நடந்த பெண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் நார்வே, ஜெர்மனியை 23–20 என்ற கணக்கில் வென்றது. அன்று நார்வேயின் கோலைக் காத்த காத்ரினே லுண்டேவுக்கு வயது 45. தேசிய அணிக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டமும் அதுதான். அவர் நார்வே சீனியர் அணிக்கு முதன்முதலாக ஆடியது 2002இல், 22 வயதில். நம் பள்ளி விளையாட்டில் கடைசி வயதுப் பிரிவு 19. அதாவது, உலகம் கண்ட மிகச் சிறந்த பெண் கோல்கீப்பர்களில் ஒருவர் தேசிய அணிக்குள் காலடி வைப்பதற்கு 3 ஆண்டுகள் முன்பே, நம் ஊரில் ஒரு கோல்கீப்பர் பெண்ணின் ஆட்டம் பெரும்பாலும் முடிந்துபோகிறது.

இந்த இடைவெளியைப் பற்றித்தான் உங்களிடம் பேச விரும்புகிறோம். குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஒரே ஆசிரியர் கபடி, கோகோ, தடகளம் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, மாலையில் ஒன்றரை மணி நேரத்தில் ஹேண்ட்பாலும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்பது எங்களுக்கு நன்றாகவே தெரியும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் செய்யக்கூடியவற்றையே கீழே கேட்கிறோம்.

முதலில் லுண்டேயின் கணக்கை முழுதாகப் பார்த்துவிடுவோம். தென் நார்வேயின் கடலோர நகரமான கிறிஸ்தியான்சாண்டில் 1980 மார்ச் 30 அன்று பிறந்தவர். இரட்டைச் சகோதரி கிறிஸ்டினேயும் நார்வே அணி வீராங்கனை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கம் இருவருக்கும் சேர்ந்தே கிடைத்தது. அப்போது காத்ரினேவுக்கு வயது 28. லண்டனில் மறுபடி தங்கம் வாங்கியபோது 32. ரியோவிலும், 2021இல் நடந்த டோக்கியோவிலும் வெண்கலம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்சை அதன் சொந்த மண்ணிலேயே 29–21 என்று வென்று மூன்றாவது தங்கம் வாங்கியபோது 44. கிளப் அளவில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பை 7 முறை: டென்மார்க்கின் வீபோர் அணியோடு 2009, 2010, ஹங்கேரியின் கியோர் அணியோடு 2013, 2014, சொந்த ஊரான கிறிஸ்தியான்சாண்டின் வைப்பர்ஸ் அணியோடு 2021, 2022, 2023. கடைசி மூன்றும் அவருடைய 41, 42, 43ஆம் வயதுகளில் வந்தவை.

அவர் ஒருவர் மட்டும் விதிவிலக்கு என்று நினைத்துவிட வேண்டாம். தென் கொரியாவின் ஓ யோங்-ரான் 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக் வெள்ளி வாங்கிய அணியில் இருந்தார். 20 ஆண்டுகள் கழித்து ரியோவிலும் 43 வயதில் கோலில் நின்றார்.

கோல்கீப்பர் ஏன் இவ்வளவு தாமதமாகக் கனிகிறார்? ஒரு சிறு கணக்கு போதும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து விநாடிக்கு 22 மீட்டருக்குச் சற்று அதிகமாகப் பாயும். 9 மீட்டர் கோட்டிலிருந்து ஒரு பேக் ஆட்டக்காரர் (பின்வரிசையிலிருந்து எறிபவர்) குதித்து எறிந்தால், பந்து கையை விட்டுக் கோல்கீப்பரை அடைய ஏறத்தாழ 0.3 விநாடி. பிவட் (கோலுக்கு அருகே தடுப்பவர்களுக்கு நடுவே நிற்கும் தாக்குதல் ஆட்டக்காரர்) திரும்பி உள்ளே பாய்ந்து எறிந்தால் இடையில் இருப்பது 3 மீட்டர்தான், 0.14 விநாடி. கண்ணால் பார்த்துக் கை கால் அசையத் தொடங்கவே மனிதருக்கு 0.2 விநாடி தேவை. பந்தைப் பார்த்துவிட்டு அசைபவள் பிவட் எறியும் பந்தை ஒருபோதும் பிடிக்க முடியாது. பந்து கையை விடுவதற்கு முன்பே தோள் எங்கே திரும்புகிறது, முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறது, ஊன்றிய கால் எங்கே பார்க்கிறது, மணிக்கட்டு கடைசியில் என்ன செய்கிறது என்று படித்தாக வேண்டும். இந்தப் படிப்பு ஆயிரக்கணக்கான எறிதல்களை எதிர்கொண்ட பிறகுதான் வரும். ஆடுகளத்தின் ஓரத்தில் ஆடும் விங் ஆட்டக்காரரின் ஓட்ட வேகம் 30 வயதுக்குப் பிறகு குறையலாம். கோல்கீப்பரின் இந்தப் படிப்பு குறைவதில்லை, சேர்ந்துகொண்டே போகிறது. 19 வயதில் அவளை வீட்டுக்கு அனுப்பினால், விதைத்துவிட்டு அறுவடைக்கு முன் நிலத்தை விட்டுப் போவதுதான்.

இப்போது தேர்வு. ஓட முடியாதவள், கொஞ்சம் பருமனானவள், கடைசியாக மிஞ்சியவள் கோலுக்குள் போக வேண்டும் என்ற வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உயரம் உதவும். ஆனால் உயரத்தை மட்டும் பார்த்து எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். 12, 13 வயதுப் பெண்களில் ஒரு கோல்கீப்பரைத் தேட ஒரு மாலைப்பொழுது போதும். மென்மையான பந்தை 5 மீட்டரிலிருந்து மெதுவாக மார்பு உயரத்துக்கு எறியுங்கள். யார் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறாள் என்று கவனியுங்கள். கண்ணை மூடுவதும் முகத்தைத் திருப்புவதும் பயிற்சியில் மாறக்கூடியவையே, ஆனால் தொடக்கத்திலேயே மூடாதவள் ஓராண்டு முன்னே இருக்கிறாள். பிறகு பக்கவாட்டில் மூன்று குறு அடி வைத்து நிற்கச் சொல்லுங்கள். நிற்கும்போது உடல் ஆடாமல் இருக்கிறதா? தரையில் காலை அகட்டி உட்காரவைத்து இடுப்பு எவ்வளவு விரிகிறது என்று பாருங்கள். பந்தை எவ்வளவு தூரம் நேராக எறிகிறாள் என்பதும் முக்கியம், ஏனென்றால் எதிர்த்தாக்குதலின் முதல் பாஸ் அவளுடையது. 14 வயதில் 20 மீட்டர், 18 வயதில் 30 மீட்டர் நேராகப் போனால் நல்லது. கடைசியாக, 10 பந்து தொடர்ந்து கோலுக்குள் போனபின் 11ஆவது பந்துக்கு அவள் எப்படி நிற்கிறாள் என்று பாருங்கள். எங்கள் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்வது இதுதான்.

பந்தின் அளவைப் பற்றி ஒரு வேண்டுகோள். 8 முதல் 14 வயது வரையான பெண்களுக்கு 1ஆம் எண் பந்து: சுற்றளவு 50–52 செ.மீ., எடை 290–330 கிராம். 14க்கு மேல் 2ஆம் எண்: 54–56 செ.மீ., 325–375 கிராம். பொருள் அறையில் ஆண்களின் 3ஆம் எண் பந்து மட்டும்தான் இருக்கிறது என்று அதையே பெண்களுக்கும் கொடுப்பது பல மைதானங்களில் நடக்கிறது. அது 425–475 கிராம், சரியாக 100 கிராம் கூடுதல். அந்த 100 கிராம்தான் முழங்கையிலும் விரலிலும் போய் விழுகிறது. பந்துக்குப் பயப்படும் பழக்கமும் அங்கேதான் தொடங்குகிறது. காற்றை அளவுக்கு மீறி அடிக்கவும் வேண்டாம். கட்டைவிரலால் அழுத்தினால் பந்து கொஞ்சம் அமுங்க வேண்டும். கல்லாக நின்றால் காற்றை இறக்குங்கள்.

நிற்கும் முறையில் எங்களுக்குத் தெரிந்து மிக அதிகமாக நடக்கும் தவறு, கைகளை இடுப்பருகில் தொங்கவிடுவது. கால் பந்துக்கு விரைவாகப் போகும் என்று நினைத்துக்கொண்டு கையையும் கீழே வைத்துவிடுகிறார்கள். மேல் இரண்டு மூலைகளும் திறந்துவிடுகின்றன. கைகள் கண் உயரத்தில், தோளுக்குச் சற்று வெளியே, உள்ளங்கை பந்தைப் பார்த்தபடி இருக்கட்டும். முழங்கை கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். கால்கள் தோளகலம், முழங்கால் லேசாக மடிந்து, எடை முன்பாதத்தில். குதிகாலில் எடை போனால் முதல் அசைவே பின்னால்தான் போகும். இரண்டாவது தவறு, எறிவதற்கு முன் பெரிதாகக் குதிப்பது. பந்து கையை விடும் நொடியில் கோல்கீப்பர் காற்றில் இருந்தால் அவளால் எந்தப் பக்கமும் தள்ளிப் போக முடியாது. சிறு துள்ளல் இருக்கலாம், ஆனால் எறிபவரின் கை முன்னால் வரும்போது இரண்டு பாதங்களும் தரையில் இருக்க வேண்டும். இதைக் கைப்பேசியில் மெதுவாக ஓட்டும் வசதியோடு பக்கத்திலிருந்து படமெடுத்தால் ஒரே மாலையில் அவளுக்கே புரிந்துவிடும்.

கீழ் மூலைக்குப் போகும் பந்தைக் காலால் மட்டும் தடுக்கக் கூடாது. வலது கீழ் மூலை என்றால் இடது காலால் தரையை உந்தி, வலது காலை நீட்டி, வலது கையும் அந்தக் காலுக்கு மேலேயே இறங்க வேண்டும். பாதம் வெளிப்பக்கம் திரும்பி, உள்பக்கம் பந்தைப் பார்க்க வேண்டும். கையும் காலும் தனித்தனியே போனால் இடையில் ஓர் ஓட்டை. அதில் பந்து போகும். சிமெண்ட் தரையிலும் கரடான மண்ணிலும் ஆடும் பெண்களுக்கு முழுதாகக் காலை விரித்து விழச் சொல்லித்தராதீர்கள். அங்கே ஒரு காலை எட்டி வைத்துத் தாழ்ந்தாலே போதும். முழுவிரிப்பைப் பாய் விரித்த இடத்தில் தனியாகப் பழக்கலாம்.

கோலின் அகலம் 3 மீட்டர், உயரம் 2 மீட்டர். பந்து நடுவில் 8 மீட்டர் தூரத்தில் இருக்கும்போது கோல்கீப்பர் கோட்டிலிருந்து 1 மீட்டர் முன்னே நின்றால் அவள் காக்க வேண்டிய அகலம் 2.6 மீட்டராகச் சுருங்கும். பிவட் 5 மீட்டரிலிருந்து எறியும்போது 2.5 மீட்டர் முன்னே வந்தால் அது 1.5 மீட்டராகிவிடும். 1.65 மீட்டர் உயரப் பெண் கைகளை விரித்தால் ஏறத்தாழ அந்த அகலம் முழுதும் மூடிவிடும். கோட்டிலேயே ஒட்டி நிற்பவள் அதே எறிதலுக்கு முழு 3 மீட்டரையும் காக்க வேண்டியிருக்கிறது. ஆனால் பிவட் பந்தைப் பிடித்துத் திரும்புவதற்குள் வெளியே வந்து நின்றுவிட வேண்டும். ஓடிவரும்போது எறிந்தால் தலைக்கு மேலே லாப் (தூக்கிப் போடும் பந்து) போகும், கால் இடுக்கிலும் போகும். பந்தும் இரண்டு போஸ்ட்டுகளும் உண்டாக்கும் முக்கோணத்தின் நடுக்கோட்டில் நிற்பதே அடிப்படை. எறிபவரின் உடலைப் பார்த்து நிற்காமல், பந்து இருக்கும் கையைப் பார்த்து நிற்கப் பழக்குங்கள். வலக்கை ஆட்டக்காரருக்கும் இடக்கை ஆட்டக்காரருக்கும் இடையே இந்த இடம் அரை அடி, ஓர் அடி மாறும்.

விங்கிலிருந்து வரும் எறிதலுக்கு அருகிலுள்ள போஸ்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். 2ஆம் எண் பந்தின் விட்டம் 17 செ.மீ.க்குச் சற்று அதிகம்தான், உடலுக்கும் போஸ்ட்டுக்கும் இடையே அதைவிட அதிகம் இடம் இருந்தால் பந்து அங்கே போகும். அந்தப் பக்கக் கை தலையை ஒட்டி நேராக மேலே. ஆட்டக்காரர் உள்ளே பாய்ந்து கோணத்தைப் பெரிதாக்கும்போது குறு அடிகளில் அவரோடு நகர வேண்டும். முதலில் அசைபவர் தோற்பார் என்பதை விங் எறிதலில்தான் கோல்கீப்பர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

வார்ம்-அப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அணி முழுதும் வரிசையில் நின்று, உடல் சூடேறாத ஒரு பெண்ணின் மீது இரண்டு விநாடிக்கு ஒரு பந்து என்று முழு வேகத்தில் எறிவது கோல்கீப்பருக்கு வார்ம்-அப் ஆகாது. விரல் சுளுக்கும் தொடை இழுப்பும் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன. முதல் 8 நிமிடம் அவள் தனியாக: மெதுவோட்டம், பக்கவாட்டு அடி, இடுப்பைச் சுழற்றுவது, தோளைத் திறப்பது, சுவரில் டென்னிஸ் பந்தை எறிந்து ஒற்றைக் கையால் பிடிப்பது. பிறகு எறிதல், பாதி வேகத்தில், சொல்லி வைத்த இடத்துக்கு: ஒவ்வொருவரும் வலது மேல் மூலை, அடுத்த சுற்று இடது மேல், பிறகு இடுப்பு உயரம், பிறகு கீழ் மூலைகள். ஒவ்வொரு எறிதலுக்கும் இடையே அவள் மறுபடி நிலைக்கு வந்து நிற்க 3 விநாடி. அதன் பிறகு விங், கடைசி இரண்டு சுற்று மட்டும் முழு வேகம், விருப்பமான இடம். மொத்தம் 20 நிமிடம். எறிபவர்களுக்கு இது சலிப்பாக இருக்கும். இருக்கட்டும், அந்த 20 நிமிடம் கோல்கீப்பருக்கு உரியது.

தனிப்பயிற்சி வாரத்துக்கு இரண்டு முறை, அரை மணி நேரம் போதும். ஒரு சுற்றுக்கு 6 முதல் 8 எறிதல், பிறகு ஒரு நிமிடத்துக்கு மேல் ஓய்வு. தொடர்ந்து 40 பந்து எறிந்தால் அவள் சோர்ந்து தவறான அசைவைத்தான் பழகுவாள். நார்வே பெண்கள் அணியில் பல ஆண்டுகள் கோல்கீப்பர்களுக்கென்றே தனிப் பயிற்சியாளர் இருந்தார், ஸ்வீடனின் முன்னாள் கோல்கீப்பர் மாட்ஸ் ஓல்சன். லுண்டேயின் நீண்ட ஆட்டக்காலத்தைப் பேசும்போது அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டுப் பேச முடியாது. நம் பள்ளிகளுக்குத் தனிப் பயிற்சியாளர் கிடைக்கமாட்டார். ஆனால் முன்பு கோலில் நின்ற ஒரு பழைய மாணவி ஊரில் இருப்பாள். அவளை வாரம் இரண்டு மாலை வரச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலோர் வருவார்கள்.

தடுப்புச் சுவரோடு கோல்கீப்பர் பேச வேண்டும். 9 மீட்டர் எறிதலுக்குத் தடுப்பவர் தன் கையைத் தூக்கி, எறிபவரின் கைப் பக்கத்தை மூடுகிறார் என்றால் மறுபக்கம் கோல்கீப்பருடையது. இந்த ஒப்பந்தம் ஆட்டத்துக்கு முன்பே வாய்விட்டுப் பேசப்பட்டிருக்க வேண்டும். பேசாத அணியில் இருவரும் ஒரே மூலையை மூடுவார்கள், பந்து காலியான மூலைக்குப் போகும், திட்டு மட்டும் கோல்கீப்பருக்கு விழும்.

அந்தத் திட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 100க்கு 30 எறிதலைத் தடுப்பவர் நல்ல கோல்கீப்பர். 35, 40 என்றால் உலகத்தரம். அதாவது உலகின் சிறந்த கோல்கீப்பரும் தன்னை நோக்கி வரும் பந்துகளில் பாதிக்கு மேல் கோலுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார். கோல் விழுந்ததும் பெஞ்சிலிருந்து கத்தாதீர்கள். எத்தனை தடுத்தாள் என்பதை எழுதி வையுங்கள். ஒரு தாளில் கோலை 9 கட்டமாகப் பிரித்து வரையுங்கள். எதிரணி ஆட்டக்காரரின் எண், எந்த இடத்திலிருந்து, எந்தக் கட்டத்துக்கு, தடுத்தாளா விட்டாளா. மாற்று ஆட்டக்காரி ஒருத்தி இதை எழுதலாம். இடைவேளையில் அந்தத் தாளைக் கோல்கீப்பரிடம் கொடுங்கள். 7ஆம் எண் ஆட்டக்காரி விங்கிலிருந்து எறிந்த 4 பந்தில் 3 தூரத்துக் கீழ் மூலைக்குப் போயிருக்கிறது என்று தாள் சொல்லும்போது இரண்டாம் பாதி வேறாக இருக்கும்.

உடல் காயங்களில் கோல்கீப்பருக்கென்றே ஒன்று உண்டு, முழங்கை வலி. நீட்டிய கையில் பந்து மோதும்போது முழங்கை பின்பக்கம் மடங்கப் பார்க்கிறது. ஒரு முறை நடந்தால் தெரியாது; ஆயிரம் முறை நடந்தால் உட்பக்கத் தசைநார் தளர்ந்து, மூட்டில் எலும்போடு எலும்பு மோதத் தொடங்கும். 1990களில் நார்வேயில் நடந்த ஓர் ஆய்வில், கேட்கப்பட்ட கோல்கீப்பர்களில் 100க்கு ஏறத்தாழ 40 பேருக்கு இந்தத் தொல்லை இருந்ததாகத் தெரியவந்தது. தடுக்கும் வழி எளிது. கையை ஒருபோதும் முழுதாகப் பூட்டி நீட்டக் கூடாது என்று முதல் நாளிலிருந்தே சொல்லித்தாருங்கள். முன்கைத் தசைக்கும் புயத் தசைக்கும் ரப்பர் பட்டையால் வாரம் மூன்று முறை பயிற்சி கொடுங்கள். ஏற்கெனவே வலி உள்ளவளுக்கு, முழங்கையைச் சற்று மடித்த நிலையில் வைத்து, மேல்கையிலும் முன்கையிலும் ஒரு சுற்று நங்கூரமாக ஒட்டி, முழங்கையின் முன்பக்கம் குறுக்காக இரண்டு மூன்று விரைப்பு டேப்புகளை ஒட்டினால் கை பின்னுக்கு வளையாது. டேப் ஒட்டியதும் விரல் மரத்துப்போனால் இறுக்கம் அதிகம். உடனே பிரித்து மறுபடி ஒட்டுங்கள்.

இடுப்பு மூட்டும் தொடை உட்பக்கமும் அடுத்து. ஓர் எளிய பயிற்சி போதும்: இணை ஒருத்தி ஒரு காலைப் பிடித்துக்கொள்ள, பக்கவாட்டில் படுத்து இடுப்பைத் தூக்கி இறக்குவது. ஒரு பக்கத்துக்கு 5 முறையில் தொடங்கி, எட்டு வாரத்தில் 12 வரை போகலாம்.

தலை. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ஆட்டத்தில் முகக்கவசமோ தலைக்கவசமோ அணிய விதி இடம் தருவதில்லை. அதனால் விதிதான் அவளுக்குக் கவசம். 7 மீட்டர் பெனால்டியில், தலையைப் பந்தை நோக்கி அசைக்காத கோல்கீப்பரின் தலையில் பந்து பட்டால் எறிந்தவர் வெளியேற்றப்படுவார். 2022 ஜூலை 1 முதல் ஓடும் ஆட்டத்திலும், இடையில் தடுப்பவர் யாரும் இல்லாத திறந்த வாய்ப்பில் தலையில் அடித்தால் எறிந்தவருக்கு 2 நிமிட இடைநீக்கம். உள்ளூர்ப் போட்டிகளில் நடுவர்கள் இதைக் காட்டத் தயங்கினால், ஆட்டத்துக்கு முந்தைய கூட்டத்திலேயே நீங்கள் நினைவூட்டுங்கள். உங்கள் எறிபவர்களிடமும் சொல்லுங்கள், பயிற்சியிலும் தலைக்கு அருகே எறியக் கூடாது. டோக்கியோவில் தங்கம் வென்ற பிரான்ஸ் அணியின் கோல்கீப்பர் க்ளியோபாத்ர் தார்லோ, தலையில் பந்து பட்டதால் வந்த மூளையதிர்ச்சியில் நீண்ட காலம் அவதிப்பட்டு, சொந்த நாட்டில் நடந்த பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆட முடியாமல் போனார்.

தலையில் பந்து பட்டபின் தலைவலி, மங்கல், குமட்டல், வெளிச்சம் கூசுதல், கேட்டதையே திரும்பக் கேட்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்று அவள் மறுபடி ஆடக் கூடாது. தண்ணீர் தெளித்துத் திரும்ப அனுப்பாதீர்கள். மருத்துவரைப் பார்க்கச் செய்யுங்கள். ஓரிரு நாள் ஓய்வு, பிறகு நடை, பிறகு மெதுவோட்டம், பிறகு பந்தில்லாத அசைவு, பிறகு மென்பந்து, கடைசியாகவே முழு எறிதல். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். அறிகுறி திரும்பினால் ஒரு படி கீழே. வாந்தி நிற்காவிட்டாலோ மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

உடை விஷயத்தில் கோல்கீப்பருக்கு ஒரு சலுகை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். முழுக்கால் பேண்ட்டும் முழுக்கைச் சட்டையும் அவளுடைய வழக்கமான உடையே. அரைக்கால் சட்டைக்காக வீட்டில் தடை சொல்லும் பெற்றோரிடம் இதைச் சொல்லலாம். உள்ளே மார்புக் கவசம், இறுக்கமான விளையாட்டு உள்ளாடை, முழங்கால் பட்டை, பல் கவசம். பல் கவசத்தை வெந்நீரில் மென்மையாக்கிக் கடித்து அச்செடுக்க வேண்டும். அப்படியே வாயில் போட்டால் பேசவும் மூச்சுவிடவும் தடையாக இருக்கிறது என்று இரண்டாம் நாளே தூக்கிப் போட்டுவிடுவாள். தடுப்பவர்களிடம் கத்திக்கொண்டே இருக்க வேண்டியவள் அவள். மாதவிடாய் நாட்களில் வெளிறிய நிறப் பேண்ட் போடச் சொல்லாதீர்கள். கோல்கீப்பர் உடை மற்ற ஆட்டக்காரர்களின் நிறத்திலிருந்து மாறுபட வேண்டும் என்பதுதான் விதி, கருநிறமே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கோல்கீப்பர் இல்லாத அணி, அணியே ஆகாது. காயத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பெனால்டிக்கு மட்டும் ஆளை மாற்றுவது பெரிய அணிகளில் அன்றாடம் நடப்பது. பெனால்டியின்போது கோல்கீப்பர் 4 மீட்டர் கோடு வரை முன்னே வரலாம். நெட்டையானவள் முன்னே வந்து நின்றால் எறிபவருக்குக் கோலே தெரியாது. பந்து கையை விடுமுன் அந்தக் கோட்டைத் தாண்டினால், தடுத்தாலும் மறுபடி எறிய வேண்டிவரும். இரண்டாவது பெண்ணுக்கு ஆட்டத்துக்கு இரண்டு பெனால்டியாவது கொடுங்கள். ஆடாமலே ஒரு பருவம் முழுதும் பெஞ்சில் இருப்பவள் அடுத்த பருவத்துக்கு வரமாட்டாள்.

இப்போது 19க்குப் பிறகு. லுண்டே 2015இல் தாயானார். அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் ஆடினார். அதன் பிறகுதான் அவருடைய மூன்று சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளும் ஒரு ஒலிம்பிக் தங்கமும் வந்தன. அவருக்குப் பின்னால் முழுநேரக் கிளப்புகளும் மருத்துவர்களும் இருந்தார்கள், நம் பெண்களுக்கு அவை இல்லை. ஆனால் கோல்கீப்பர் என்ற இடத்துக்கு ஒரு வசதி உண்டு. 40 மீட்டர் ஆடுகளத்தில் மேலும் கீழும் ஒரு மணி நேரம் ஓடும் சுமை அவளுக்கு இல்லை. கல்லூரி முடித்து வேலைக்குப் போனவளும், திருமணமானவளும், பிள்ளை பெற்றவளும் மற்ற எந்த இடத்தைவிடவும் கோலுக்கு எளிதாகத் திரும்பலாம். பிள்ளை பெற்றபின் திரும்புபவளுக்கு முதலில் மருத்துவர் ஒப்புதல், பிறகு அடிவயிறு, இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சி, பிறகு குறு அடி அசைவு. காலை முழுதாக விரிக்கும் பயிற்சியைக் கடைசியில் வையுங்கள். பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்கள் இடுப்பு மூட்டைச் சுற்றிய தசைநார்கள் தளர்ந்திருக்கலாம். முதல் வாரமே எட்டி விரித்தால் காயம் நிச்சயம்.

தேர்வுக் குழுவில் இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை. மாவட்ட, மாநில அணிகளுக்குத் தேர்வு நடத்தும்போது கோல்கீப்பருக்கு 10 பந்து எறிந்து முடிவு செய்யாதீர்கள். ஆட்டத்தில் பாருங்கள், இரண்டு பாதிகளில் பாருங்கள், எழுதி வைத்த தாள்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 24 வயதுப் பெண் வந்து நின்றால் "இனிமேல் என்ன" என்று கேட்காதீர்கள். அவளுக்கு இனிமேல்தான்.

இந்தப் பருவத்தில் நாங்கள் கேட்பது இவைதான்: சரியான எண் பந்து, 20 நிமிட வார்ம்-அப், வாரம் இரண்டு அரை மணி நேரத் தனிப்பயிற்சி, இரண்டாவது கோல்கீப்பர், தடுத்த கணக்குத் தாள்களைச் சேர்த்து வைக்க ஒரு நோட்டுப் புத்தகம். பள்ளியை விட்டு அவள் போகும் நாளில் அந்த நோட்டை அவள் சேரப்போகும் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநருக்கு அனுப்புங்கள். கல்லூரி கிடைக்காதவளின் நோட்டை, ரயில்வே போன்ற துறை அணிகளின் தேர்வு அறிவிப்பு வரும்போது எடுத்துக்கொண்டு, அவள் வீட்டுக்கே ஒரு முறை போய்ப் பேசுங்கள்.

இப்படிக்கு,
பெண் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி தரும் சிலர்